கணினித் திரையில் ஒன்பது வரம்புகள்

சிறுபோக வயலுக்குள் முழங்கால் சேற்றில் நின்று புல்லுப் பிடுங்கிக்கொண்டிருக்கும் ஒருத்தி, ஆனி மாத வெயில் மண்டையைப் பிளக்கிற நேரத்தில், "இண்டைக்கு அங்கை பதினாலுதான். பொடியன் தொப்பி போட்டானோ தெரியாது" என்று சொன்னால் பக்கத்தில் நிற்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? உருத்திரபுரத்துப் பெண்கள் முதல் வருசம் சிரித்தார்கள். இரண்டாம் வருசம் தங்களுக்குள் குசுகுசுத்தார்கள். மூன்றாம் வருசம், அது 2014, "என்ன சிவனேஸ்வரி, நோர்வேயிலை இண்டைக்கு மழையோ?" என்று தாங்களாகவே கேட்கத் தொடங்கிவிட்டார்கள். அவளும் கையில் பிடுங்கின புல்லோடு நிமிர்ந்து, "இல்லை, மப்பு மட்டும்தான்" என்று பதில் சொல்லுவாள்.

சிவனேஸ்வரிக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. புருசன் பரமலிங்கம், இரண்டரை ஏக்கர் வயல், இரணைமடு வாய்க்கால் தண்ணீர், இரண்டு பசு, ஒரே மகன். அந்த ஒரே மகன் நிருஷன் 2011இல் நோர்வேக்குப் போய்ச் சேர்ந்து, அந்த நாட்டின் வடக்கு முனையில் ஒரு மீன் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டிருந்தான். போவதற்கு முதல், றோட்டு வேலை செய்து உழைத்த காசில் பழைய கணினி ஒன்றை வாங்கி, விறாந்தை மூலையில் மேசை போட்டு வைத்து, "இனி இதுக்குள்ளைதான் அம்மா நான்" என்று சொல்லிவிட்டுப் போனான். பகிடிக்குச் சொன்ன கதை. சிவனேஸ்வரி அதைப் பகிடியாக எடுக்கவில்லை.

விடிந்ததும் முற்றம் கூட்டி, மாட்டைப் பார்த்து, தேத்தண்ணிக் கோப்பையோடு கணினிக்கு முன்னால் வந்து இருப்பாள். இன்ரநெற் வருகிற டொங்கிளை ஒரு நீள வயரில் கொளுவி யன்னல் கம்பியில் தொங்கவிட்டால்தான் சிக்னல் எடுக்கும். உலாவி திறந்ததும் அதன் தலைமாட்டில் ஒரு நீலப் பட்டை. அதில் சின்ன முகில், சின்னச் சூரியன், ஒஸ்லோ என்ற பேர், பக்கத்தில் ஒரு இலக்கம். மார்கழியில் அந்த இலக்கத்துக்கு முன்னால் ஒரு கோடு விழும். கோடு விழுந்தால் தண்ணி கல்லாகிற குளிர் என்று மகன் சொல்லிக் கொடுத்திருந்தான். கோடு விழுந்த நாட்களில் தனக்கு இங்கே வேர்ப்பதே இல்லை என்று அவள் சத்தியம் பண்ணுவாள். மாட்டுக்கு வைக்கோல் உதறும்போது கண்ணுக்கு முன்னால் வெள்ளை வெள்ளையாய் ஏதோ மெல்ல இறங்கும். வாய்க்கால் கரையால் நடந்தால் பக்கத்தில் இன்னொரு சோடிச் சப்பாத்து நொறுக்கு நொறுக்கென்று மிதித்துக்கொண்டு வரும். "கவனம் தம்பி, வழுக்கும்" என்பாள். கரையில் நிற்கிற கொக்கு கழுத்தைத் திருப்பிப் பார்க்கும்.

பரமலிங்கத்துக்கு இந்தக் கூத்து பிடிக்காது.

"இஞ்சாரும், அது ஒஸ்லோவின்ரை காலநிலை. உம்மடை மோன் இருக்கிற ஊருக்கு அதிலையிருந்து ரண்டு நாள் பஸ் ஓட்டமாம்."

"குளிர் குளிர்தானே. உங்களுக்கென்ன வந்தது?"

மனுசன் வாயை மூடிக்கொண்டு மண்வெட்டியைத் தூக்குவார். முப்பது வருசக் குடும்பத்தில் எந்த இடத்தில் வாயை மூடவேண்டும் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

சரி, அந்த நீலப் பட்டை அங்கே எப்படி வந்தது? ஒருவரும் கொண்டுவந்து வைக்கவில்லை. ஒருநாள் திரையின் மூலையில் ஒரு சின்னப் பெட்டி எழும்பி, படம் ஓட்டுகிற மென்பொருள் பழசாகிப் போச்சு, புதுப்பிக்கட்டோ என்று இங்கிலீசில் கேட்டது. ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட சிவனேஸ்வரிக்கு அதில் 'யெஸ்', 'ஓகே', 'நெக்ஸ்ற்' மூன்றும் தெரியும். மூன்றையும் அமத்தினாள். மென்பொருள் புதுசாகியது. கூடவே அந்தப் பட்டையும் வந்து உலாவியின் தலையில் குந்திக்கொண்டது. அடுத்த மாதம் வேறொரு மென்பொருள் கேட்டது. பச்சைக்கிளி படம் போட்ட பட்டை ஒன்று வந்தது. பிறகு பூதக்கண்ணாடி போட்டது, இதயம் போட்டது, ராசிபலன் சொல்லுவது, சூதாட்டத்துக்குக் கூப்பிடுவது. உங்கள் கணினிக்கு நோய் என்று சிவப்பாய் மின்னுவதும் ஒன்று. அது மின்னத் தொடங்கின கிழமை சிவனேஸ்வரி கணினிக்கும் சேர்த்துப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தாள். புதுப்பிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு வந்து அடுத்தவன் வீட்டுக்குள் மூட்டை முடிச்சோடு குடியேறுகிற இந்த வேலையைச் செய்தவன்கள் எந்த நாட்டில் இருந்தாலும் நல்லாயிருக்கமாட்டான்கள். இது என்னுடைய வயித்தெரிச்சல், சிவனேஸ்வரியினுடையது இல்லை. அவள் அவற்றை வரம்பு என்று அழைத்தாள். ஒன்பது வரம்பு கட்டியாகிவிட்டது, வயல்தான் ஒரு சாண் மிஞ்சியிருந்தது.

அந்த ஒரு சாணும் அவளுக்கு முதலில் காணுமாக இருந்தது. மகனோடு கதைப்பது ஸ்கைப்பில். அது வேறு பெட்டி, வரம்புகள் அங்கே வரவில்லை. ஞாயிறு தவறாமல் கதைப்பான். ஆனால் தொலைபேசியை முகத்துக்குக் கிட்டப் பிடித்துக்கொண்டு கதைப்பான். நெற்றி, கண், மூக்கு, தாடி, கொஞ்சம் கழுத்து. "கொஞ்சம் தள்ளிப் பிடி தம்பி, உடம்பைக் காட்டு, இளைச்சியோ கொழுத்தியோ எண்டு பாப்பம்" என்றால், "இது சின்னப் போன் அம்மா, இவ்வளவுதான் விழும்" என்பான். 2011இல் கிளிநொச்சி பஸ் தரிப்பிடத்தில் பையோடு நின்றபோதுதான் அவனை அவள் கடைசியாக முழுசாகப் பார்த்தது. அதற்குப் பிறகு மூன்று வருசம் கழுத்துக்கு மேல் மட்டும் ஒரு மகன்.

வைகாசியில் அந்த முகம் சொன்னது, "அம்மா, நான் ஒரு பிள்ளையைக் கலியாணம் செய்யப்போறன்."

பெண்ணின் பேர் தனுஷா. தாய் தகப்பன் துணுக்காய்ப் பக்கம். அவளும் அதே தொழிற்சாலையில்தான் வேலை. குறிப்புப் பார்க்கவில்லை, பொருத்தம் பார்க்கவில்லை, பெண் பார்க்கிற சடங்கும் இல்லை. சிவனேஸ்வரிக்கு உள்ளுக்குள் சரியான மனவருத்தம். தான் பெற்ற பிள்ளைக்குத் தான் தேடாத பெண். ஸ்கைப்பில் இரண்டுதரம் கதைத்தாள். "ஓம் மாமி", "இல்லை மாமி" என்பதற்கு மேல் அந்தப் பெட்டை வாய் திறக்கவில்லை. "என்ன பிள்ளையோ, உப்புச் சப்பில்லாமல்" என்று கதைத்து முடிந்தபிறகு சொன்னாள். ஆனாலும் மறுக்கவில்லை. மறுத்து என்ன செய்ய? கலியாணம் ஒஸ்லோவில். இவர்களுக்கு விசா இல்லை, அவனுக்கு இங்கே வர வழி இல்லை.

"யோசிக்காதையுங்கோ அம்மா. கமராக்காரர் நேரடியா இன்ரநெற்றிலை விடுவினம். வீட்டிலை இருந்துகொண்டே பாக்கலாம்."

"முழுசாத் தெரிவியோ?"

"உச்சியிலையிருந்து உள்ளங்கால் மட்டும் தெரிவன்."

அன்றிலிருந்து சிவனேஸ்வரிக்கு உலகத்தில் வேறு அலுவல் இல்லாமல் போய்விட்டது. வயலுக்குள் நின்றுகொண்டே அவனை நிற்கவைத்துப் பார்ப்பாள். வேட்டி கட்டி, தலைப்பாகை வைத்து, சால்வை போட்டு. ஒருநாள் உயரமாய் நிற்பான், ஒருநாள் பஸ்சில் ஏறின பழைய உயரத்துக்கே வந்துவிடுவான். கால்களை மட்டும் அவளால் எவ்வளவு முயன்றும் காணமுடியவில்லை. சேற்றுக்குள் புதைந்திருக்கிற தன்னுடைய கால்கள்தான் தெரியும்.

கலியாணத்துக்கு ஒரு கிழமை இருக்கும்போது கமராக்காரர் ஒரு இணைப்பை அனுப்பி, வேறு யாருடையதோ கலியாணப் படத்தை ஓட்டிப் பார்க்கச் சொன்னார்கள். சிவனேஸ்வரி திறந்தாள். ஒன்பது வரம்புக்குக் கீழே ஒரு மாப்பிள்ளையின் தலைப்பாகை தெரிந்தது. மூக்கு வரைக்கும் தெரிந்தது. கீழே இழுத்தால் வயிறும் வேட்டியும் வந்தன, தலை போய்விட்டது. தலையைப் பார்த்தால் காலில்லை, காலைப் பார்த்தால் தலையில்லை. முழுத்திரை ஆக்கினால் பழைய கணினி மூச்சு விடாமல் அப்படியே நின்றுபோனது. அவள் கதிரையில் சாய்ந்துவிட்டாள். கலியாணத்திலும் துண்டு துண்டாகத்தான் பார்க்கவேண்டுமோ என்று புருசனைக் கூப்பிட்டுக் கேட்டாள்.

வெள்ளிக்கிழமை காலமை பரமலிங்கம் கணினிப் பெட்டியை யூரியாச் சாக்கால் சுற்றிச் சைக்கிள் கரியரில் கட்டினார். சிவனேஸ்வரி பின்னால் பிடித்துக்கொண்டு நடந்தாள். பரந்தன் சந்தியில் ரஜிதாவின் கடை. போட்டோக் கொப்பி, தட்டச்சு, கணினி திருத்தம் எல்லாம் அவள் ஒருத்திதான். முப்பத்திரண்டு வயது, நெருப்பு வாய், நல்ல மனசு. பெட்டியைத் தன் திரையோடு கொளுவி உலாவியைத் திறந்ததும் நெற்றியில் கை வைத்தாள்.

"அன்ரி, இதென்ன கணினியோ கலியாணப் பந்தலோ? இவ்வளவு சோடினை!"

"எடுக்கலாமோ பிள்ளை? ஞாயிறு ரண்டு மணிக்குத் தாலிகட்டு."

"எடுக்கலாம். எல்லாத்தையும் அழிச்சுப் புதுசாப் போடுறதெண்டால் எனக்கு மூண்டு நாள் வேணும், பள்ளிக்கூடச் சோதினைத் தாள் குவிஞ்சு கிடக்கு. ஒவ்வொண்டா நீக்கலாம். வாங்கோ, ஒண்டு நான் காட்டுறன். மிச்சத்தை நீங்களே செய்யுங்கோ."

"நானோ?"

"வேறை ஆர்? நாளைக்குத் திரும்ப வந்தால் பொட்டியைக் கட்டிக்கொண்டு இஞ்சை ஓடி வருவியளோ?"

மென்பொருள்களின் பட்டியலைத் திறந்து காட்டினாள். கிளிப் பட்டையின் பேரைத் தொட்டு, நீக்கு என்பதை அமத்தி, கேட்கிற கேள்விகளுக்குப் பதில் சொல்லி, கணினியைத் திருப்பி முடுக்கினாள். கிளியைக் காணவில்லை. சிவனேஸ்வரி எல்லாவற்றையும் ஒரு அப்பியாசக் கொப்பியில் படமாகக் கீறி எடுத்தாள். நெல்லோடு நெல்லாய் நிற்கிற புல்லை முப்பது வருசமாய்ப் பிரித்தெடுத்த கண்ணுக்கு இது பெரிய வேலையில்லை என்று தைரியமாய்த்தான் வீட்டுக்கு வந்தாள்.

பின்னேரம் மூன்று வரம்பு வெட்டினாள். பூதக்கண்ணாடி, இதயம், ராசிபலன். ஒவ்வொன்றும் போகும்போது ஏதேதோ கேட்டது, எல்லாவற்றுக்கும் ஒழுங்காகப் பதில் சொன்னாள். திருப்பி முடுக்கி, கையைக் கூப்பிக்கொண்டு உலாவியைத் திறந்தாள். எட்டில் மூன்று போனால் ஐந்து இருக்கவேண்டும். பதினொன்று இருந்தது. ஒரு நாய்க்குட்டி, ஒரு வானவில், வாசிக்கத் தெரியாத எழுத்தில் ஒன்று என்று ஆறு புதுமுகங்கள். இப்போது வயல் நாலு விரல் அகலம்கூட இல்லை.

"நான் தெரியாமல்தான் கேக்கிறன்," என்றார் பரமலிங்கம் பின்னால் நின்று. "வேரோடை பிடுங்காமல் தலையைக் கிள்ளிப்போட்டீரோ?"

"எனக்குப் புல்லுப் பிடுங்கப் பழக்க வாறியளோ நீங்கள்?" என்று சீறிவிட்டு, குசினிக்குள் போய் அடுப்படியில் இருந்து அழுதாள். சத்தமாய்த்தான் அழுதாள். பரமலிங்கம் மெல்லமாய் வெளியே போய், வேலியோரம் நின்று ரஜிதாவுக்குப் போன் எடுத்தார்.

சனிக்கிழமை மத்தியானம் ரஜிதா ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். சோளகக் காற்று அடித்து அவள் முகமெல்லாம் புழுதி. தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, பக்கத்தில் ஒரு கதிரையை இழுத்துப்போட்டு, கையைக் கட்டிக்கொண்டு இருந்தாள்.

"நேற்றுச் செய்த மாதிரியே செய்யுங்கோ அன்ரி. நான் பாத்துக்கொண்டு இருக்கிறன்."

சிவனேஸ்வரி நாய்க்குட்டியைத் தொட்டாள். நீக்கு என்பதை அமத்தினாள். ஒரு பெட்டி எழும்பியது. அதில் இரண்டு மூன்று வரி எழுத்து, ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ஒரு குட்டிச் சதுரம், சதுரத்துக்குள் சரி அடையாளம். ஒரு சதுரம் மட்டும் வெறுமையாய் இருந்தது. அவள் அதிலும் ஒரு சரியைப் போட்டுவிட்டு 'நெக்ஸ்ற்'றை அமத்தப் போனாள்.

"நில்லுங்கோ! நில்லுங்கோ! ஏன் உதுக்குச் சரி போட்டனீங்கள்?"

"வெறுமையாக் கிடந்தது பிள்ளை."

"மற்றதுகளிலை கிடந்த சரியளை ஏன் எடுக்கேல்லை?"

"சரியை எடுக்கிறதோ?" சிவனேஸ்வரி திரும்பி அவளைப் பார்த்தாள். "ஆராவது சரியை எடுப்பினமோ?"

"அன்ரி, இந்தச் சதுரம் ஒவ்வொண்டும், இன்னொரு பட்டையையும் சேத்துப் போடட்டோ எண்டு கேக்குது. நீங்கள் எல்லாத்துக்கும் ஓம் சொல்லிக்கொண்டு இருக்கிறியள். ஒண்டைக் கலைக்க ரண்டைக் கூப்பிடுறியள்."

சிவனேஸ்வரி மவுசை விட்டுவிட்டுக் கதிரையைத் திருப்பினாள். பிறகு 2010ஆம் ஆண்டுக் கதையைச் சொன்னாள். யுத்தம் முடிந்து முகாமிலிருந்து விடுபட்டு, ஊருக்குத் திரும்பிவந்து, மரத்துக்குக் கீழே தறப்பாள் கட்டி இருந்த காலம். உதவி கொடுக்கிற ஒரு நிறுவனத்துக்காரர் படிவம் கொண்டுவந்தார்கள். இங்கிலீசும் சிங்களமும். தேவையான சாமானுக்கு நேரே சரி போடச் சொன்னார்கள். தகரத்துக்குப் போட்டாள், நுளம்பு வலைக்குப் போட்டாள், மண்வெட்டிக்குப் போட்டாள். இரண்டு சதுரத்தை விட்டாள். ஒன்று வாளி. ஓட்டை வாளி ஒன்று கையில் இருந்தது, இருக்கிறதைக் கேட்கக்கூடாது என்று விட்டாள். மற்றது வாசிக்கத் தெரியவில்லை, தெரியாததுக்குப் போடுவது சரியில்லை என்று விட்டாள். அந்தத் தெரியாத சதுரம்தான் மலசலகூடம். ஒழுங்கை முழுக்க எல்லா வளவிலும் கட்டினார்கள், இவளுடைய வளவில் மட்டும் கட்டவில்லை. கேட்கப் போனால் படிவத்தை எடுத்துக் காட்டி, வேண்டாம் என்று நீங்கள்தானே விட்டீர்கள் என்றார்கள். பதினாலு மாதம் பக்கத்து வளவு நாகேஸ்வரி வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டு நின்றாள், கையில் அந்த ஓட்டை வாளியோடு.

"அண்டைக்குப் பிறகு பெட்டியைக் கண்டால் நான் சரி போடுவன் பிள்ளை. எல்லாப் பெட்டிக்கும் போடுவன். வங்கியிலையும் போடுவன், ஆசுப்பத்திரியிலையும் போடுவன். எது எதுக்கோ எனக்கென்ன தெரியும்?"

நெருப்பு வாய் ரஜிதாவுக்கும் அந்தத் தறப்பாள் தெரியும். அவளும் முகாமில் இருந்தவள்தான். கதிரையைக் கிட்ட நகர்த்தி, சிவனேஸ்வரியின் கையோடு தன் கையை மவுசில் வைத்தாள்.

"அது உங்களுக்குத் தாறதுக்குக் கேட்டது அன்ரி. இது உங்களிட்டை எடுக்கிறதுக்குக் கேக்குது. எடுத்துவிடுங்கோ, ஒண்டும் குறையாது."

கிடந்த சரியொன்றை அழிப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. இரண்டுதரம் அமத்தப் போய் விரலை எடுத்தாள். முதல் சதுரம் வெறுமையானதும் ஏதோ கையை விட்டுப் போகிற மாதிரி ஒரு பயம். இரண்டாவது கொஞ்சம் லேசு. நாலாவது வரம்புக்கு வரும்போது ரஜிதா கையை எடுத்துவிட்டாள். ஏழாவதுக்கு வரும்போது சிவனேஸ்வரிக்கு ஆவேசம் வந்துவிட்டது. "போ! நீயும் போ! உன்ரை குட்டியளையும் கூட்டிக்கொண்டு போ!" என்று அந்தச் சிவப்பு மின்னலைக் கலைத்தாள். பரமலிங்கம் வாசலில் நின்று சிரித்தார். நாலு மணிக்கெல்லாம் திரை வெளித்துவிட்டது. ஒன்றே ஒன்றுதான் மிச்சம், முகிலும் சூரியனும் போட்ட நீலப் பட்டை.

"இதையும் எடுங்கோ."

"அது கிடக்கட்டும் பிள்ளை. அது என்ரை மோன்ரை வானம்."

ரஜிதா வாதாடவில்லை. "இது சும்மா இராது அன்ரி. காலநிலை பாக்கிறன் எண்டு தன்ரை பாட்டுக்கு நெற்றை உறிஞ்சிக்கொண்டு இருக்கும். உங்கடை டொங்கிளின்ரை சிக்னலுக்கு நாளைக்குப் படம் நிண்டு நிண்டுதான் வரும். பிறகு உங்கடை விருப்பம்" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டியை முடுக்கினாள்.

ஞாயிறு பதினொரு மணிபோல, அங்கே விடிந்து வெயில் ஏறுகிற நேரம், சிவனேஸ்வரி தேத்தண்ணியோடு வந்து இருந்தாள். ஒஸ்லோ, பதினெட்டு, முழுச் சூரியன். மூன்று வருசத்தில் இன்றைக்குத்தான் அந்த இலக்கம் பொய் சொல்லவில்லை. மகன் இரண்டு நாளைக்கு முதலே கலியாணத்துக்காக ஒஸ்லோவுக்கு வந்துவிட்டான். இந்தச் சூரியன் இப்போது உண்மையாகவே அவன் தலைக்கு மேல்தான். அவள் கோப்பையைக் கீழே வைக்காமல் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். எத்தனை மழையில் அவனோடு நனைந்திருக்கிறாள், எத்தனை பனியில் அவனோடு நடந்திருக்கிறாள். தேத்தண்ணி ஆறிப்போனது. பிறகு பட்டியலைத் திறந்து, பேரைத் தொட்டு, நீக்கு என்பதை அமத்தினாள். ஒரு பெட்டி எழும்பி, அழுகிற முகில் படம் ஒன்றைக் காட்டி, ஏதோ கேட்டது. சதுரத்தில் கிடந்த சரியை எடுத்துவிட்டு முடித்தாள். வானம் போய்விட்டது. அவளுக்கு வேர்த்துக் கொட்டியது, உருத்திரபுரத்து வேர்வை.

இரண்டு மணிக்கு விறாந்தையில் அயலட்டைச் சனம் பத்துப் பன்னிரண்டு பேர். நாகேஸ்வரி பலகாரத் தட்டோடு வந்திருந்தாள். குத்துவிளக்கு ஏற்றி, ஒரு தட்டில் வாழ்த்திப் போட அறுகரிசி எடுத்து, கணினிக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்கள். படம் தடங்கலில்லாமல் ஓடியது. மணவறை, ஐயர், புகை, பட்டுச் சேலைகள். பிறகு கமரா வாசல் பக்கம் திரும்ப, தோழனோடு மாப்பிள்ளை நடந்து வந்தான்.

முழுசாக வந்தான். தலைப்பாகைக் குஞ்சத்திலிருந்து வெறுங்கால் வரைக்கும் ஒரு இடமும் வெட்டுப்படாமல் நடந்து வந்தான். தோள் அகன்றிருந்தது. நடை தகப்பனுடைய நடை. சால்வையை வலது கைக்கு மேலால் மடித்துப் போட்டிருந்தான். சிவனேஸ்வரி திரைக்குக் கிட்டப் போய் அவனுடைய கால்விரல்களைப் பார்த்தாள். "என்ரை ராசா, என்ன வடிவடா நீ" என்று வாய்விட்டுச் சொன்னாள். அந்தப் பத்து நிமிசமும் அவளைப்போலச் சந்தோசமான மனுசி வன்னியில் இருந்திருக்கமாட்டாள்.

கெட்டிமேளம் கொட்டியது. மாப்பிள்ளை எழும்பிப் பெண்ணுக்குப் பக்கத்தில் போய்த் தாலிக்கொடியை எடுத்தான். எங்கள் கலியாணங்களில் கொடியைக் கழுத்தில் போட்டு, பின்பக்கம் சுரையைத் திருகிப் பூட்டவேண்டும். கமராக்காரர் அந்தக் கைகளைக் கிட்டக் கொண்டுவந்தார். திரை முழுக்கப் பெண்ணின் பின்கழுத்தும் அவனுடைய இரண்டு கைகளும். சால்வை விலகியிருந்தது. வலது கையில் பெருவிரலும் சின்ன விரலும் மட்டும் இருந்தன. நடுவில் மூன்று விரல்களும் இல்லை.

இடது கையால் சுரையைத் திருகினான். கொடி வழுகியது. அப்போது, குனிந்த தலை நிமிராமலே, பெண் தன் கையைப் பின்னால் கொண்டுபோய், அவனுடைய அந்தக் கைக்குக் கீழே வைத்துக் கொடியைப் பிடித்துக் கொடுத்தாள். தேடவில்லை, தடவவில்லை. சரியான இடத்துக்கே அந்தக் கை போனது. நெடுநாள் பழகின கை.

பரமலிங்கம், "இஞ்சாரும், அவன்ரை கை..." என்று தொடங்கினார்.

"பேசாமல் இருங்கோ," என்றாள் சிவனேஸ்வரி. "முகூர்த்தம் முடியட்டும்."

அறுகரிசியை அள்ளித் திரையில் போட்டாள். அவள் போட எல்லோரும் போட்டார்கள். விசைப்பலகை முழுக்க அரிசி. சனம் பலகாரம் சாப்பிட்டு, மாப்பிள்ளையின் உயரத்தைப் பற்றியும் பெண்ணின் கூறையைப் பற்றியும் கதைத்து, ஒவ்வொருவராகப் போகும்வரைக்கும் சிவனேஸ்வரி சிரித்த முகத்தோடு வாசலில் நின்றாள். கடைசி ஆள் படலையைத் தாண்டினதும் கணினிக்கு முன்னால் வந்து இருந்தாள். விசைப்பலகையில் கிடந்த அரிசியை ஒவ்வொன்றாய்ப் பொறுக்கத் தொடங்கினாள். புருசனும் பக்கத்தில் வந்து இருந்தார்.

ஐந்தரை மணிபோல ஸ்கைப் அடித்தது. அங்கே அப்போது மத்தியானச் சாப்பாட்டு நேரம். பெண்ணும் மாப்பிள்ளையும் ஒரு மேசையில் இருந்தார்கள், முன்னால் வாழையிலையில் சோறு. யாரோ தள்ளி நின்று பிடித்துக் கொடுத்ததால் இருவரும் இடுப்பு வரைக்கும் தெரிந்தார்கள். அவனுடைய வலது கை மேசைக்குக் கீழே இருந்தது.

"அம்மா, பாத்தனீங்களோ? வடிவாத் தெரிஞ்சதோ?"

"கையைக் காட்டு தம்பி."

இடது கையைத் தூக்கினான்.

"மற்றதை."

அவன் அசையவில்லை. தனுஷாதான் அந்தக் கையை மேசைக்குக் கீழிருந்து எடுத்து, தன் இரண்டு கைகளுக்கும் நடுவில் வைத்துக் காட்டினாள்.

"எப்ப?"

"போய் எட்டாம் மாசம். மீன் வெட்டுற மிசின். உங்களுக்குச் சொன்னால் தாங்கமாட்டியள் எண்டு..." இடது கையால் கண்ணைத் துடைத்தான். "இப்ப நோகேல்லை அம்மா. இடது கையாலை எல்லாம் செய்வன்."

சிவனேஸ்வரி ஏசுவதற்கென்று எவ்வளவோ வைத்திருந்தாள். இரண்டரை வருசம், எத்தனை ஞாயிற்றுக்கிழமை, எத்தனை தரம் முகத்துக்கு நேரே பொய். ஆனால் வாயில் வந்தது வேறு.

"அப்ப உனக்கு ஆர் சோறு தந்தது? கை மாறும் வரைக்கும் எப்பிடிச் சாப்பிட்டனி?"

அவன் பக்கத்தில் திரும்பினான். தனுஷாவின் முகம் சிவந்துவிட்டது.

"நான்தான் மாமி குழைச்சுக் குடுத்தனான். வேலை முடிஞ்சு வந்து. அங்கை வேறை தமிழாக்கள் ஒருத்தரும் இல்லை." கொஞ்சம் தயங்கினாள். "முதல் நாள் வாயைத் திறக்கமாட்டன் எண்டு நிண்டவர். வெக்கம். அம்மாவை நினைச்சுக்கொண்டு திறவுங்கோ எண்டு சொன்னனான்."

அந்தப் பெட்டை இவ்வளவு கதைத்தது அதுதான் முதல்தரம். சிவனேஸ்வரி சேலைத் தலைப்பால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். மனசுக்குள் வைத்திருந்த குறிப்பும் பொருத்தமும் எங்கே போனதென்று தெரியவில்லை. அந்தப் பிள்ளையைக் கட்டிப்பிடித்து அழவேண்டும் போல இருந்தது. எட்டாத தூரத்தில் இருந்தாள்.

"நான் செய்யவேண்டியதை நீ செய்திருக்கிறாய் பிள்ளை," என்றாள். "உன்னை ஏதேதோ நினைச்சனான். மனசிலை வைக்காதை."

"ஐயோ மாமி."

"என்ரை பேரிலை ஒரு வாய் குடு அவனுக்கு. நான் பாத்துக்கொண்டு இருக்கிறன்."

தனுஷா இலையில் சோற்றையும் பருப்பையும் சேர்த்துக் குழைத்து, உருட்டி, கையை உயர்த்தினாள். நிருஷன் கண்ணீரோடு வாயைத் திறந்தான். உருத்திரபுரத்தில் சிவனேஸ்வரியின் வாயும் தன்பாட்டில் திறந்தது.